கோலா உருண்டை ஏன் உடைகிறது? உள்ளே வெந்ததா?

மாணவர்களே, தீபாவளிக்கு முதல் நாள் இரவு உங்கள் வீட்டுச் சமையலறை எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் ஓர் அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருக்கும். இன்னோர் அடுப்பில் மறுநாள் காலை இட்லிக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கும். முறுக்கு முடிந்ததும் அதே அடுப்பில் அம்மா கோலா உருண்டை போடுவார். செட்டிநாட்டுச் சமையலில் பெயர் பெற்ற பதார்த்தம் அது. கொத்திய ஆட்டிறைச்சியோடு பெருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, பச்சை மிளகாய், தேங்காய், பொட்டுக்கடலை மாவு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், "இந்த முறை நான் செய்கிறேன்" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கறியை மசாலாவோடு வதக்கி, ஆற வைத்து, அரைத்தேன். டின்னில் பொட்டுக்கடலை கொஞ்சம்தான் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். முதல் நான்கு உருண்டைகளை எண்ணெயில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் உருண்டைகளைக் காணவில்லை. சட்டி முழுக்கத் தூள் மிதந்தது. "என்ன டீச்சர், எண்ணெயில கறி சூப்பா?" என்று அக்கா கேட்டார்.

அடுத்த ஆண்டு விடவில்லை. இம்முறை கறியை வதக்காமல் பச்சையாகவே பிசைந்தேன். பிங்பாங் பந்தைவிடப் பெரிதாக உருட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை. வெளிப்புறம் அழகான பழுப்பு நிறம். தட்டில் அடுக்கி வைத்து எல்லாரையும் கூப்பிட்டேன். ஐந்து வயது அக்காள் மகன்தான் முதலில் ஓடி வந்து ஒன்றைக் கடித்தான். உள்ளே கறி வேகவே இல்லை. பச்சையாக, கொழகொழவென்று இருந்தது. அக்கா சட்டென்று அவன் வாயிலிருந்து அதை எடுத்துப் போட்டார்.

நல்ல வேளையாக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் சமையலறையில் அதை மறந்துவிட்டேனே என்ற வருத்தம். முதல் ஆண்டு உருண்டை உடைந்தது. இரண்டாம் ஆண்டு உடையவில்லை, ஆனால் வேகவில்லை. இரண்டையும் பிறகு பாடமாக எடுத்துப் படித்தேன். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே என்று தெரிந்தது. கறியைக் கொத்துகிறோமே, அதுதான் அந்தத் தொடக்கம்.

ஒரு தாள் நாற்பது தாளாகிறது

ஒரு கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுர வடிவக் கறித்துண்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதற்கு ஆறு முகங்கள். ஒவ்வொரு முகமும் 100 சதுர சென்டிமீட்டர். மொத்தப் பரப்பளவு 600 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் ஏ4 தாளின் ஒரு பக்க அளவு.

அதை 1 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் பரப்பளவும் 6 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 6,000. பத்து மடங்கு! இன்னும் சிறிதாக, பக்கத்துக்கு 2.5 மில்லிமீட்டராகக் கொத்தினால் 64,000 துண்டுகள். மொத்தப் பரப்பளவு 24,000 சதுர சென்டிமீட்டர். கறி அதே ஒரு கிலோதான். ஆனால் ஒரு தாள் அளவு இருந்த மேற்பரப்பு இப்போது ஏறக்குறைய நாற்பது தாள் அளவாகிவிட்டது.

உயிரியல் பாடத்தில் அமீபாவையும் மனிதனையும் ஒப்பிட்டு, பரப்பளவுக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதத்தைப் படிப்பீர்கள் அல்லவா? பள்ளியில் அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்திருப்பீர்கள். கணக்கு எந்த மொழியிலும் ஒன்றுதான். பொருள் சிறிதாகச் சிறிதாக அந்த விகிதம் கூடும். கறியைக் கொத்தும் கத்தியும் அதைத்தான் செய்கிறது.

இந்தப் புதிய மேற்பரப்பால் நமக்கு ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் வருகின்றன. உருண்டையை ஒட்ட வைக்கும் பசை அங்கிருந்துதான் வருகிறது. நோய்க்கிருமி உள்ளே நுழைவதும் அந்த வழியாகத்தான்.

ஒட்ட வைப்பது எது?

முதலில் பசையைப் பார்ப்போம். இறைச்சி என்பது தசை. தசை சுருங்கி விரிவதற்கு உதவும் புரதங்களில் முக்கியமானது மயோசின். இது வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. உப்புக் கரைந்த நீரில் கரையும். கொத்துக்கறியில் உப்பைப் போட்டுப் பிசையும்போது, வெட்டுப்பட்ட பரப்புகளிலிருந்து மயோசின் மெல்ல வெளியே வருகிறது. இரண்டு மூன்று நிமிடம் பிசைந்த கறி விரலில் ஒட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பிசுபிசுப்பு அதனால் வருவதே. எண்ணெயில் போட்டதும் இந்தப் புரதம் சூட்டில் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வலைபோல் இறுகுகிறது. அந்த வலைக்குள் கறித் துணுக்கு, கொழுப்பு, நீர் எல்லாம் சிக்கி நிற்கின்றன.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் மீன் உருண்டை ரப்பர்போல் துள்ளுவது ஏன் தெரியுமா? மீன் சதையில் உப்புச் சேர்த்து, நன்றாக அடித்துப் பிசைவதால்தான். அங்கே அந்தத் துள்ளல் வேண்டும். கோலா உருண்டைக்கு வேண்டாம், அது வாயில் போட்டால் உதிர வேண்டும். ஆகவே உப்புப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பிசையுங்கள். கை ஓயும்வரை பிசைந்தால் கோலா மீன் உருண்டையாகிவிடும்.

அரை கிலோ கறிக்கு 8 கிராம் உப்பு போதுமானது. இது ஒன்றேகால் தேக்கரண்டி அளவு. வெங்காயத்தில் ஒரு கவனம் வேண்டும். நறுக்கிய வெங்காயத்தின்மேல் உப்புப் பட்டால் அது நீர் விடும். பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் காரணம். வெங்காயத்தை அப்படியே கறியில் கலந்து நெடுநேரம் வைத்தால் கலவை தண்ணீர் விட்டுக் குழைந்து போகும். எண்ணெயில் அந்த நீர் ஆவியாகி வெளியேறும்போது உருண்டையைப் பிளந்துவிடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பிழிந்து, கடைசியில் சேர்ப்பது நல்லது.

வதக்கிய கறிக்கு வேறு பசை

அப்படியானால் முதல் ஆண்டு என் உருண்டை ஏன் கரைந்தது? நான் உப்புப் போட்டேனே!

கறியை முன்பே வதக்கிவிட்டேன். சூடு பட்டதும் மயோசின் வலை பின்னி இறுகிவிட்டது. ஒரு முறை இறுகிய புரதம் மறுபடியும் கரைந்து பசையாகாது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா? அதுபோலத்தான். வெந்த கறித்தூளை வெறுமனே உருட்டி எண்ணெயில் போட்டால், அதைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றுமில்லை.

இது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. கறியை வதக்கி அரைப்பது செட்டிநாட்டுப் பழைய முறைகளுள் ஒன்று. அந்த முறையில் பொட்டுக்கடலை மாவு தாராளமாகச் சேரும். பொட்டுக்கடலையில் மாவுச்சத்தும் புரதமும் உண்டு. அது கலவையில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்குகிறது. சிலர் முட்டையும் சேர்ப்பார்கள். முட்டையின் புரதம் சூட்டில் இறுகிப் புதிய வலையாகிறது. இன்னும் சில வீடுகளில் உருண்டையைச் சுற்றி வாழை நார் கட்டிப் பொரிப்பார்கள். பசைக்குப் பதில் கயிறு! கறியின் சொந்தப் பசை போய்விட்டதால், வெளியிலிருந்து ஒரு பிடிப்பைக் கொண்டு வருகிறார்கள். நான் பொட்டுக்கடலையைக் குறைத்தபோது, உருண்டையில் மிச்சமிருந்த ஒரே பிடிப்பையும் எடுத்துவிட்டேன்.

ஆக, கோலாவுக்கு இரண்டு வழிகள் உண்டு. வதக்கிய கறி என்றால் பொட்டுக்கடலையும் முட்டையும் ஒட்ட வைக்கும். கறி முன்பே வெந்திருப்பதால் உள்ளே பச்சையாக இருக்குமோ என்ற கவலை குறைவு. பச்சைக் கறி என்றால் உப்பும் மயோசினும் ஒட்ட வைக்கும். உருண்டை சாறோடு மென்மையாக இருக்கும். ஆனால் நடுப்பகுதிவரை வெந்ததா என்று நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

மசாலா எதில் கரைகிறது?

ஆட்டிறைச்சிக்கு ஒரு தனி வாடை உண்டு. சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. அந்த வாடையைத் தருபவற்றில் முக்கியமானவை ஆட்டுக் கொழுப்பில் உள்ள சில கொழுப்பு அமிலங்கள். கொழுப்பைக் குறைத்தால் வாடையும் குறையும். ஆனால் முழுவதும் நீக்கிவிட்டால் உருண்டை வறண்டுபோகும்.

நல்ல செய்தி என்னவென்றால், நம் மசாலா மணங்களுக்கும் கொழுப்புதான் பிடிக்கும். கிராம்பில் யூஜினால், பெருஞ்சீரகத்தில் அனெத்தோல், பட்டையில் சின்னமால்டிஹைடு, மிளகாயில் கேப்சைசின். இவை யாவும் தண்ணீரைவிடக் கொழுப்பிலும் எண்ணெயிலும் நன்றாகக் கரைபவை. அதனால்தான் மசாலாவை முதலில் எண்ணெயில் வதக்குகிறோம். வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகத்தைக் கொழுப்புள்ள கறியோடு பிசைந்தால், வாடை இருக்கும் அதே இடத்தில் மணமும் போய்ச் சேருகிறது.

இன்னொன்று. ஆட்டுக் கொழுப்பு உருகுவதற்குக் கிட்டத்தட்ட 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நம் வாயின் வெப்பநிலை 37 டிகிரி. ஆறிப்போன ஆட்டுக்கறியைச் சாப்பிட்டால் நாக்கிலும் அண்ணத்திலும் மெழுகுபோல் படிவது இதனால்தான். கோலாவைச் சூடாகச் சாப்பிடச் சொல்வது வெறும் ஆசைக்கு அல்ல.

எண்ணெய்க்குள் நடப்பது

உருண்டையை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழ்கள் வருகின்றன. எண்ணெய் கொதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெய் அல்ல, தண்ணீர். எண்ணெய் 170 டிகிரியில் இருக்கிறது. உருண்டையின் மேற்பரப்பில் உள்ள நீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியேறுகிறது.

மேல்தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டும். ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுவல் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமி மயார் 1912ஆம் ஆண்டு இதை விவரித்தார். அவர் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, சாத்தே இறைச்சியின் மணம் ஆகியவற்றிலும் இந்த வினைக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே கவனியுங்கள். பழுப்பு நிறம் வெளித்தோலின் கதையைத்தான் சொல்கிறது. உள்ளே நீர் இருக்கும்வரை, நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. வெளியே 150 டிகிரியில் கருகிக்கொண்டிருக்கும்போது, நடுவில் 40 டிகிரிகூட ஆகாமல் இருக்கலாம். இரண்டாம் ஆண்டு நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

அளவு இரு மடங்கு, நேரம் நான்கு மடங்கு

உருண்டைக்குள் வெப்பம் கடத்தல் மூலம்தான் போகிறது. கறி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். நடுப்பகுதி வேக ஆகும் நேரம், விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. விட்டம் இரு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு.

3 சென்டிமீட்டர் உருண்டை நடுவரை வேக 5 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் உருண்டைக்கு எவ்வளவு நேரம்? ஐந்தை மூன்றால் வகுத்து, வர்க்கம் எடுத்தால் கிட்டத்தட்ட 2.8. ஆகவே 14 நிமிடம். நான் என் பெரிய உருண்டைகளை ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். வெளித்தோல் அதற்குள் நன்றாகப் பழுத்துவிட்டது. கருகிவிடுமோ என்று பயந்து எடுத்தேன். உருண்டையைச் சிறியதாக உருட்டியிருந்தால் தோல் பழுக்கும் நேரமும் நடு வேகும் நேரமும் ஒத்துப்போயிருக்கும்.

ஏன் இவ்வளவு கவலை?

இப்போது அந்த நாற்பது தாள்களுக்குத் திரும்புவோம். ஆடு, மாடு ஆகியவற்றின் குடலில் ஈ. கோலி என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அதில் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. ஓ157 போன்ற சில வகைகள் கொடியவை. கறியை வெட்டும்போது அவை இறைச்சியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளலாம். முழுத் துண்டுக் கறி என்றால் அவை பெரும்பாலும் வெளிப்பரப்பிலேயே இருக்கும். சட்டியின் சூடு முதலில் தொடுவதும் அந்த இடத்தைத்தான். கறியைக் கொத்தினால் வெளிப்பரப்பு உள்ளே போகிறது. வெளியே இருந்த கிருமி இப்போது உருண்டையின் நட்ட நடுவில், சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரையில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. முழுத் துண்டு ஆட்டிறைச்சிக்கு அவர்கள் சொல்லும் குறைந்த வெப்பநிலை 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடம் ஆற விட வேண்டும். அதே ஆட்டிறைச்சியைக் கொத்திவிட்டால் 71 டிகிரி. விலங்கு ஒன்றுதான். மாறியது மேற்பரப்பு இருக்கும் இடம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத ஹம்பர்கர்களால் ஈ. கோலி ஓ157 பரவியது. 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். இந்தக் கிருமி உண்டாக்கும் நச்சு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும்தான் ஆபத்து அதிகம். நூற்றுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே நோய் வரலாம். அந்தச் செய்தியைப் படித்தபோது, உருண்டையைக் கடித்த அந்த ஐந்து வயதுப் பையன்தான் என் கண்முன் நின்றான்.

சூடு கிருமியை எப்படிக் கொல்கிறது? கறியில் மயோசின் சூட்டில் விரிந்து உருமாறியதல்லவா? கிருமியின் உடலும் புரதங்களால் இயங்குவதுதான். சூட்டில் அவையும் உருமாறி வேலை செய்யாமல் போகின்றன. உருண்டையை இறுக்கும் அதே சூடு கிருமியையும் கொல்கிறது, நடுப்பகுதிவரை போய்ச் சேர்ந்தால்.

நிறத்தை நம்பலாமா?

"பிட்டுப் பார், சிவப்பாக இல்லையென்றால் வெந்துவிட்டது" என்பது பல வீடுகளில் வழக்கம். கறியின் சிவப்பு நிறம் இரத்தத்தினால் வருவது அல்ல. தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் புரதத்தினால் வருவது. இந்தப் புரதம் சில வேளைகளில் 71 டிகிரி ஆகும் முன்பே பழுப்பாகிவிடும். சில வேளைகளில் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதோடு மஞ்சளும் மிளகாயும் கலந்த நம் கறியில் நிறத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஆகவே நிறம் ஒரு சான்று ஆகாது.

சரியான சான்று வெப்பநிலை. கூர்முனை உள்ள சமையல் வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. இருப்பதில் பெரிய உருண்டையை எடுத்து, அதன் நடுவில் முனை நிற்கும்படி குத்திப் பாருங்கள். 71 டிகிரி காட்ட வேண்டும்.

வெப்பமானி இல்லையா? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாட்டியின் வழி. கறியை முதலிலேயே நன்றாக வேக வதக்கிவிடுங்கள், பொட்டுக்கடலையைக் குறைக்காதீர்கள். மற்றொன்று, உருண்டைக் குழம்பு. சிறியதாக உருட்டிப் பொரித்த கோலாவைக் கொதிக்கும் குழம்பில் போட்டு, மேலும் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். குழம்பில் கருகும் பயம் இல்லை. அதனால் நடுவரை வேகப் போதிய நேரம் கொடுக்கலாம்.

கழுவினால் போகாதா? மஞ்சள் போட்டால்?

கறியை மஞ்சள் தண்ணீரில் அலசுவது நம் வீடுகளில் பழகிப்போனது. ஆனால் பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவும்போது, கிருமியுள்ள நீர்த்துளிகள் தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் தட்டு, காய்கறிகளிலும் தெறிக்கின்றன. கொத்துக்கறியைக் கழுவவே முடியாது. கிருமி ஏற்கனவே எங்கும் கலந்திருக்கும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அது நீரில் மிக அரிதாகவே கரையும். கால் தேக்கரண்டி மஞ்சள் பச்சைக் கறியைப் பாதுகாப்பானதாக மாற்றிவிடாது. மஞ்சளை நிறத்துக்கும் மணத்துக்கும் போடுங்கள். கிருமியைக் கொல்லும் வேலையைச் சூட்டிடம் விடுங்கள்.

நம் ஊரில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து உறைந்த நிலையில் வருகிறது. உறைய வைப்பது கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்தும், எல்லாவற்றையும் கொல்லாது. உறைந்த கறியைச் சமையல் மேசையில் வைக்காமல், முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் உணவை 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ வைக்கச் சொல்கிறது. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகும். சாதகமான சூழலில் ஈ. கோலி 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்று நான்கு மணி நேரத்தில் எத்தனை ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை கடைசியில்.

வீட்டில் செய்ய

அரை கிலோ எலும்பில்லாத ஆட்டுக் கொத்துக்கறி, 8 கிராம் உப்பு, பொடியாக நறுக்கிப் பிழிந்த சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து. வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு மூன்று, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி.

1. குளிர்ந்த கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டு, பிசுபிசுப்பு வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் பிசையுங்கள்.

2. மசாலாவையும் தேங்காயையும் சேருங்கள். பிறகு பொட்டுக்கடலை மாவு, கடைசியில் வெங்காயம். அதிகம் பிசைய வேண்டாம்.

3. 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், சிறிய எலுமிச்சை அளவில் உருட்டுங்கள். நாற்பது உருண்டைகள் வரை வரும். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

4. எண்ணெய் 160 முதல் 170 டிகிரியில் இருக்கட்டும். ஒரு முறைக்கு ஆறேழு உருண்டைகள் போதும். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், மேல்தோல் இறுக நேரமாகும், உருண்டை எண்ணெய் குடிக்கும். ஏறக்குறைய ஐந்து ஆறு நிமிடம், மிதமான தீயில்.

5. முதல் தொகுதியில் பெரிய உருண்டையின் நடு வெப்பநிலையைப் பாருங்கள். 71 டிகிரி ஆகவில்லையென்றால் மேலும் ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

6. பச்சைக் கறி வைத்த தட்டில் பொரித்த உருண்டையை வைக்காதீர்கள். பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.

கண்டிப்பான ஒரு சொல்: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எண்ணெய்ச் சட்டியிடம் போகாதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 1,700 மடங்கு பெருகி, எரியும் எண்ணெயை வாரி இறைத்துவிடும். முடிந்தால் அடுப்பை அணைத்து, மூடியால் சட்டியை மூடுங்கள்.

செய்து பாருங்கள்

கொத்துக்கறியில் 50 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுங்கள். ஒன்றில் 1 கிராம் உப்பு, மற்றதில் உப்பு இல்லை. இரண்டையும் மூன்று நிமிடம் பிசைந்து, வடைபோல் தட்டி, கரண்டியில் ஒட்டித் தலைகீழாகப் பிடியுங்கள். எது முதலில் விழுகிறது? பிறகு இரண்டையும் தோசைக்கல்லில் நன்றாக வேக வைத்து, ஆறியதும் பிட்டுப் பாருங்கள். இங்கே மாறி எது, மாறாமல் வைத்துக்கொண்டவை எவை என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கேட்ட கேள்விக்கு விடை: நான்கு மணி நேரத்தில் 12 முறை இரட்டிக்கும். ஒன்று 4,096 ஆகும்.

மூன்றாம் ஆண்டு நான் சின்ன உருண்டைகள் செய்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். "டாக்டர் வந்துட்டாங்க, கோலாவுக்குக் காய்ச்சலாம்" என்று அக்கா கேலி செய்தார். அக்காள் மகன் ஆறு உருண்டைகள் சாப்பிட்டான். எனக்கு அன்றிரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.